உடைந்த ஊசி நோட்டும் என் தம்பியின் வலது கையும்

1

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். டாக்டர் மேடம். ஸ்டெல்லா சிஸ்டர். சட்டையின் வலது கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்த என் தம்பி ரூபன். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்த எங்கள் அம்மா. நான். என் கையிலிருந்த போனுக்குள் என் வீட்டுக்காரர் ஜெயராஜும் எங்கள் மகள் ஜெனியும். வேலூரில் பதினொன்றரை என்றால் கிளாஸ்கோவில் காலை ஆறு மணி, அவர்கள் இரண்டு பேரும் ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனில் இருந்தவர்களையும் சேர்த்து ஏழு பேர்.

நான்கு வாரமாக ரூபனின் உடம்புக்குள் மருந்து போன குழாயை வெளியே எடுக்கும் நாள் அது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் ஒன்பது வருடம் மெஷினில் உட்கார்ந்தேன். நர்ஸ் வேலை பார்க்கும் ஜெயராஜைக் கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கடிதம் எழுதுவதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. இதை எழுத வைத்தது அலெக் என்கிற ஆள்தான். நான் தரை துடைக்கும் கிளினிக்குக்குத் தினமும் மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய முதல் நாளே, "உன் தம்பி எப்படி இருக்கான், ஹென்?" என்று கேட்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில், "ஆல் பீசஸ் ஆர் தேர்" என்றேன். எல்லாத் துண்டும் இருக்கிறது என்று அர்த்தம். அலெக்கின் முகம் வெளிறிப்போயிற்று. என் தம்பி ரயிலில் அடிபட்டுவிட்டான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவருக்குப் புரியவைக்க என் இங்கிலீஷ் போதாது. ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல் உடனே புரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஹென் என்றால் கோழி. வந்த புதிதில் பஸ்ஸில் ஒரு பெரியவருக்கு இடம் விட்டேன், "தேங்க்ஸ், ஹென்" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். என்னைப் பார்த்தால் கோழி மாதிரியா இருக்கிறது என்று ஜெயராஜிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. "நம்மூர்ல கண்ணுன்னு கூப்பிட மாட்டாங்களா? அந்த மாதிரிதான் எஸ்தரு" என்றார். அதே மாதிரி, ஆமாம் என்பதற்கு இங்கே 'அய்' என்பார்கள். நம் பக்கத்தில் அய்யே என்றால் அருவருப்பு. பழகுவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று.

நாலு வருடமாக நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில். ஆறு சாய்வு நாற்காலிகள். எலும்பில், ரத்தத்தில், இதய வால்வில் கிருமி புகுந்தவர்கள் தினமும் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மேல்கையில் நுழைத்து நெஞ்சு வரைக்கும் போகும் மெல்லிய குழாய் ஒன்று அவர்கள் உடம்பிலேயே இருக்கும். அவர்களில் போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அலெக் அப்படிப்பட்டவர்தான்.

எனக்கு எதைப் பார்த்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். ஊசி போட்டுக்கொள்கிறவன் கையில் திறந்த வாசல் மாதிரி ஒரு குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, நாளைக்கு இவன் உயிரோடு வருவானா என்று முதல் வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. ஆனால் குழாயின் மூடி மேல் ஒரு சீல் ஒட்டுவார்கள். பிரித்தால் தெரிந்துவிடும். மறுநாள் நர்ஸ் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ஒருவன் சீல் கிழிந்து வந்தான். போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமை நர்ஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு "அய்" என்றான். அவள் ரத்தம் எடுத்தாள், புது சீல் ஒட்டினாள், மருந்தை ஏற்றினாள், டீ கொடுத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "திட்டினா நாளைக்கு வரமாட்டான். பாதி மருந்தோட நின்னுட்டா செத்துடுவான். வர்றதுதான் முக்கியம்."

இதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. பஸ்ஸில் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. இதையே ரூபன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

3

ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால் அது சின்ன விஷயமில்லை. ஒரு முனை தோலுக்குள் தங்கிவிட்டால், எங்கோ வெளிநாட்டில் ஒரு குழந்தையின் காலில் ஏறும். அதனால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு ஊசி ஜன்னலுக்குப் போகவேண்டும். அங்கே இருப்பவன் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பான். முழு ஊசியும் வந்துவிட்டால் நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், ஆபரேட்டர் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவான். அப்புறம்தான் புது ஊசி.

ஏழு வருடம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் ரூபன்.

அவன் கடைப்பிடித்த சட்டம் ஒன்று உண்டு. துண்டு எல்லாம் கொண்டுவந்தால் ஒரு கேள்வி கேட்கமாட்டான். எத்தனை ஊசி உடைத்தாலும் சரி. "திட்டினா அடுத்த வாட்டி மறைப்பாங்க. மறைச்சா ஷூ உள்ள போய்டும்" என்பான். சூப்பர்வைசரே ஊசிக்காகப் பெண்களைத் திட்டினால் ஜன்னலை விட்டு எழுந்து வந்து சண்டை பிடிப்பான்.

ஒரு தடவை என் பக்கத்து மெஷின் பர்வீனின் ஊசி உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை. நெல் முனை அளவு இருக்கும். ரூபன் தையல் லைனையே நிறுத்திவிட்டான். சூப்பர்வைசர் கத்துகிறார், அன்றைக்கு லோடு போகவேண்டும். இவன் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் படுத்து மெஷின் மெஷினாகத் தேடுகிறான். கடைசியில் பர்வீனின் துப்பட்டா மடிப்பில் இருந்தது.

"யா அல்லா, என் துப்பட்டாவுலயா?" என்றாள் பர்வீன். "எனக்கு மாப்பிள்ளை பாக்குறப்போ கூட எங்க வூட்ல இவ்ளோ அக்கறையா தேடலியே!"

லைன் முழுக்கச் சிரித்தது. ரூபன் சிரிக்காமல் அந்த முனையை நோட்டில் ஒட்டிவிட்டு, "எல்லாத் துண்டும் இருக்கு. லைன் ஓட்டு" என்றான். என் தம்பியை நினைத்தால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

நான் கிளாஸ்கோ வந்த பிறகு அவன் பைக்கில் விழுந்தான். முதுகு வலி. வலிக்குக் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, எப்படியோ ஊசியில் போய் நின்றான். வேலை போயிற்று. "ஊசி மாஸ்டர் இப்ப சொந்தமா ஊசி போட்டுக்கிறாராம்" என்று பேசிச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிறகு விடாத காய்ச்சல். வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். இதய வால்வில் கிருமி, ஆறு வாரம் ஊசி மருந்து, பாதியில் விட்டால் வால்வு போய்விடும் என்றார்கள். நாலாம் நாள் ரூபன் படுக்கையை விட்டுப் போய்விட்டான். அம்மா எனக்குப் போன் பண்ணினாள்.

"சீட்டுல லாமான்னு எழுதிக் குடுத்திருக்காங்கடி. ஸ்வெட்டர் விக்க திபெத்துக்காரங்க வருவாங்களே, அவங்க சாமியாரைத்தானே லாமாம்பாங்க? இவன் இன்னா, அவங்களோட போய்ட்டானா?"

டாக்டர் சொல்லைக் கேட்காமல் போனவன் என்பதற்கு ஆஸ்பத்திரியில் எழுதும் சுருக்கெழுத்து அது என்று ஜெயராஜ் அம்மாவுக்கு விளக்கினார். மூன்று நாள் கழித்து, நடக்க முடியாத நிலையில் பர்வீனின் அண்ணன் அவனை ஆட்டோவில் கொண்டுவந்து மறுபடி சேர்த்தார். மருந்து முதலிலிருந்து ஆரம்பித்தது.

4

இங்கே லீவு வாங்குவது ஒரு பெரிய வேலை. தம்பி என்றால் ஐந்து நாள்தான் சம்பளத்தோடு, மீதி சம்பளம் இல்லாமல். படிவத்தில் நோயின் தன்மை என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஹார்ட்' என்று மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு, பொய் சொல்லிவிட்டேனோ, கண்டுபிடித்து வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் பயந்தேன். பொய்யில்லையே, ஹார்ட்தானே என்றார் ஜெயராஜ்.

கிளம்புகிற அன்று ஜெனி என் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "மாமா முடிஞ்சிடுவாரா அம்மா?" செத்துப்போவாரா என்று கேட்கத்தான் அவளுக்குத் தமிழ் வரவில்லை. பத்து வயது. மாமாவைப் போன் திரையில்தான் தெரியும். நான் அவளைத் திருத்தவில்லை. முடியமாட்டார் என்று சொன்னேன்.

போய்ப் பார்த்தால் ரூபன் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி படுத்திருந்தான். மருந்தில் இரண்டு வாரம் முடிந்திருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. "இன்னும் நாலு வாரம் இங்க இருந்தா நான் ஓடிடுவேன்க்கா. சத்தியமா சொல்றேன். எனக்கே என்னைத் தெரியுது" என்றான். வாசல் பக்கம் யார் நடந்தாலும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஃபைலின் மேலேயே சிவப்பு மையில் லாமா என்று எழுதியிருந்தது.

நான் டாக்டர் மேடத்தைப் பார்க்கப் போனேன். கிளாஸ்கோவில் தினம் வந்து போகிறார்கள் மேடம், கையில் குழாயோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், இவனுக்கும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அங்க சீல் இருக்கு, டீம் இருக்கு, வரலைன்னா தேடிப் போக ஆள் இருக்கு. இங்க யார் இருக்காங்க?"

"நான் இருக்கேன் மேடம்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"அங்க என்ன வேலை?"

"தரை துடைக்கிறேன். நாலு வருஷமா பாத்துக்கிட்டே துடைக்கிறேன் மேடம்."

அவர் எழுந்து என்னோடு வார்டுக்கு வந்தார். ரூபன் எழுந்து உட்கார்ந்தான்.

"குழாயோட வீட்டுக்கு அனுப்பினா நீ அதுல வேற எதையும் ஏத்தமாட்டன்னு நான் எப்படி நம்புறது?"

"ஏழு வருஷம் ஊசிக்குக் கணக்கு எழுதினவன் மேடம் நான்."

"அதான் எனக்குப் பயமே" என்றார் மேடம். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரூபன் ஊசி ஜன்னல் கதையைச் சொன்னான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் நிமிர்ந்து பேசியதை அன்றைக்குப் பார்த்தேன். மூடி மேல் பேப்பர் டேப் ஒட்டி, பாதி டேப்பிலும் பாதி கையில் போட்ட கட்டின் மேலும் படுகிற மாதிரி சிஸ்டர் கையெழுத்துப் போடவேண்டும். தினமும் காலையில் பிரிக்கிற டேப்பை நோட்டில் ஒட்டவேண்டும். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"டேப் கிழிஞ்சு வந்தா?"

"துண்டு எல்லாம் கொண்டாந்தா திட்டக்கூடாது. புதுசு குடுக்கணும். அதான் ரூல்."

"மறைச்சா?"

"மறைச்சா குழாயை எடுத்துடுங்க. நானே கையை நீட்டுறேன்."

இரண்டு நாள் அவர்களுக்குள் பேசினார்கள். மனநல டாக்டர் வந்து பார்த்து, ஆசையை அடக்க நாக்கடியில் வைக்கும் மாத்திரை ஒன்று ஆரம்பித்தார். அதையும் தினம் சிஸ்டர் முன்னால்தான் போடவேண்டும். ஒன்பது மணிக்குள் வரவேண்டும். ஒரு நாள் வராவிட்டாலும் எனக்குப் போன் வரும். இருபத்தெட்டு நாள். சரி என்றார்கள்.

நோட்டு வாங்கப் போனால் என்னிடம் பவுண்டும் ஐந்நூறு ரூபாய்த் தாளும்தான் இருந்தன. எதிர்க்கடையில் சில்லறை இல்லை. ஸ்டெல்லா சிஸ்டர் தன் பையிலிருந்து முப்பத்தைந்து ரூபாய் கொடுத்து வாங்கிக்கொடுத்தார். ரூபன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். அதே கம்பெனிக் கட்டங்கள்: தேதி, மெஷின், ஆபரேட்டர், துண்டு, கையெழுத்து. மெஷின் என்ற இடத்தில் 'வலது கை' என்று எழுதினான். ஆபரேட்டர்: ஸ்டெல்லா.

"நான் ஆபரேட்டரா? அப்ப நீ யாரு?" என்றார் சிஸ்டர்.

"நான்தான் சிஸ்டர் ஷூ."

5

தினமும் ஆறே முக்காலுக்கு ஆம்பூரிலிருந்து பஸ். கையில் தண்ணீர் படாமல் பாலிதீன் சுற்றிக் குளிப்பான். ஜன்னல் ஓரம் நான், அவன் உள்பக்கம், குழாய் இருக்கும் கையை யாரும் இடிக்காமல் நடுவில் என் கைப்பை. பள்ளிகொண்டா வரும்வரை பேசமாட்டான். கண்டக்டர் மூன்றாம் நாளிலேயே, "இன்னா அண்ணே, கம்பெனி மாத்திட்டியா?" என்று கேட்டார். "ஆமா, நைட் ஷிஃப்ட் இல்லாத கம்பெனி" என்றான்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர், "லைன் ஓடுதா ரூபன்?" என்பார். குழாயை அவர்கள் லைன் என்றுதான் சொல்வார்கள். இவனும், "லைன் ஓடுது சிஸ்டர், எல்லா ஆபரேட்டரும் வந்தாச்சு" என்பான்.

பதினேழாம் நாள் காலையில் எழுந்தால் ரூபனின் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆளில்லை. செருப்பில்லை. நோட்டும் இல்லை. போன் அணைந்திருந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மறுபடி லாமா ஆயிட்டானாடி?" என்றாள். முன்தினம் சாயங்காலம் அவனுடைய பழைய தோஸ்த் ஒருவன் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்ததை நான் பார்த்திருந்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பஸ்ஸில் ஒற்றை ஆளாகப் போகும்போது என்னையே அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. மேடத்துக்கு என்ன பதில் சொல்வேன்? தரை துடைக்கிறவள் பேச்சைக் கேட்டு அவர் கெட்ட பெயர் வாங்கப்போகிறாரே! தண்டவாளம், கிணறு என்று என் மனம் எங்கெல்லாமோ போயிற்று. கண்டக்டர் சீட்டுக் கொடுத்துவிட்டு, "அண்ணன் மொத வண்டியிலயே பூட்டாரே?" என்றார். எனக்கு உயிர் வந்தது. வந்தாலும் நம்பவில்லை. மொத வண்டியில் எங்கே போனான் என்று யாருக்குத் தெரியும்?

ரூபன் சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் நோட்டு. மேடம் அப்போதுதான் வந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கையில் டேப் இல்லை.

அவன் நோட்டை மேடத்திடம் கொடுத்தான். பதினேழாம் நாளின் கட்டத்தில் ஐந்து துண்டுகளாகக் கிழிந்த டேப்பைச் சேர்த்து ஒட்டியிருந்தான். சிஸ்டரின் கையெழுத்து ஓரளவு கூடியிருந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில்: 'நானே பிரித்தேன். ஒன்றும் ஏற்றவில்லை. எல்லாத் துண்டும் இருக்கிறது.'

"கையில சரக்கு இருந்துச்சு மேடம்" என்றான். "பிரிச்சுட்டேன். இந்த அஞ்சாவது துண்டு கீழ விழுந்து எங்கியோ போய்டுச்சு. அதைத் தேட ஆரம்பிச்சேன். கிடைக்கறதுக்குள்ள விடிஞ்சுடுச்சு. சரக்கைக் கக்கூஸ்ல கொட்டிட்டேன். டெஸ்ட் எடுங்க."

மேடம் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். கூடியிருந்த கையெழுத்தைப் பார்த்தார். சிஸ்டரிடம் திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரத்தம் எடுத்துடுங்க. குழாயும் வெளிய திறந்திருந்தது, அதையும் கிருமிக்குப் பாத்துடுங்க" என்றார். அப்புறம், "துண்டு எல்லாம் இருக்கு. புது டேப் குடுங்க ஸ்டெல்லா. அதானே ரூல்?"

ரூபன் அங்கேயே அழுதான். நானும் அழுதேன். ஸ்டெல்லா சிஸ்டர், "அழுதா டேப் ஒட்டாது, கையைத் துடை" என்றார். டெஸ்ட் இரண்டும் சுத்தமாக வந்தன. ஆனால் எனக்குப் பெருமை அந்தத் தாள்களைப் பார்த்து வந்ததில்லை. அவை வருவதற்கு முன்பே, அந்தப் பெஞ்சில் அவனைப் பார்த்தபோதே வந்துவிட்டது. ஒரு முனையைத் தேடி லைனை நிறுத்தியவன் இன்னும் அவனுக்குள்தான் இருக்கிறான்.

6

இருபத்தெட்டாம் நாளுக்கு வருகிறேன். ஏழு பேர் என்றேன் இல்லையா.

ஸ்டெல்லா சிஸ்டர் கட்டைப் பிரித்து, மூச்சை இழுத்துப் பிடி என்று சொல்லிவிட்டு, குழாயை மெதுவாக இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. அம்மா மூக்கு நுனி வரை முந்தானையை இழுத்துக்கொண்டாள். போனிலிருந்து ஜெனி, "மாமா, வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்று ரூபன் தலையாட்டினான். "எல்லாம் முடிஞ்சுதா? நெஜமாவா?" என்று ஜெயராஜ் மகளைக் கேட்க, அவள் இரண்டு கையையும் தூக்கி, "அய்! அய்!" என்று கத்தினாள்.

"இன்னாடி இது, மாமன் கையைப் பாத்து அய்யேன்றா?" என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமான்னு சொல்றாம்மா" என்றேன். அம்மா நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை.

சிஸ்டர் வெளியே வந்த குழாயை ஸ்கேல் மேல் நீட்டி வைத்தார். உள்ளே எதுவும் அறுந்து தங்கவில்லை என்று பார்ப்பதற்காக அளப்பார்களாம். போடும்போது ஃபைலில் எழுதியது நாற்பது சென்டிமீட்டர். ரூபன் எழுந்து வந்து, இடது கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஊசி ஜன்னலில் குனிகிற மாதிரியே குனிந்து பார்த்தான்.

"நாப்பது" என்றார் சிஸ்டர்.

"நாப்பது" என்றான் ரூபன். நோட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேடமும் போட்டார். அந்த நோட்டை ஆஸ்பத்திரியில் அடுத்து வருகிறவனுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். எட்டாவதோடு நின்ற அக்காவும், வேலையை விட்டுத் துரத்தப்பட்ட தம்பியும் சேர்ந்து கோடு போட்ட நோட்டு. நான் நோட்டை மூடி மேடத்திடம் கொடுத்தேன். ஆரஞ்சுப் பையை அம்மா மேடத்தின் மேஜை மேல் வைத்துவிட்டாள்.

இப்போது ரூபன் பர்வீன் நடத்தும் சின்ன ஷூ யூனிட்டில் ஜோடி சரிபார்த்துப் பெட்டி போடுகிறான். நாக்கடி மாத்திரை இன்னும் ஓடுகிறது. நேற்று மூன்று மணி நேரம் போனை எடுக்கவில்லை, நான் செத்துப் பிழைத்தேன். சார்ஜ் இல்லையாம்.

அன்று கிளம்பும்போது முப்பத்தைந்து ரூபாயை எண்ணி ஸ்டெல்லா சிஸ்டரிடம் நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார்.

"உங்ககிட்ட வேணாங்க. மூணு மாசம் கழிச்சு வால்வை எக்கோ எடுத்துப் பாக்கணும் இல்ல? அன்னிக்கு இவனே வந்து, இவன் சம்பாதிச்ச காசுல குடுக்கட்டும். அதுவரைக்கும் கடன்."

"வட்டி உண்டா சிஸ்டர்?" என்றான் ரூபன்.

"வரலைன்னா உண்டு."

எக்கோவுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அலெக்குக்கும் இதைச் சொல்லி முடிக்க அவ்வளவு நாள் ஆகும். ஸ்டெல்லா சிஸ்டருக்கு என் தம்பி ரூபன் இன்றைய தேதிவரை தரவேண்டிய பாக்கி: ரூபாய் முப்பத்தைந்து.